அடுத்த வாரம் நடந்தவை

அந்தப் பள்ளிக்கூடத்தில் அடுத்த வாரம் என்ன நடந்தது என்பது இந்த வாரம் வெள்ளிக்கிழமையே அச்சாகி வந்துவிடும்.

முன்பெல்லாம் அப்படி இல்லையாம். வாரம் முடிந்த பிறகுதான் அறிக்கை எழுதுவார்களாம். அவற்றைப் படித்துப் படித்து மேலிடத்துக்கு மனசே விட்டுப்போயிற்று. ஒரு நாள் மழை என்பார்கள். ஒரு நாள் பாதி வகுப்புக்கு வயிற்றுவலி என்பார்கள். ஏழாம் வாய்ப்பாடு மூன்று வாரமாகியும் ஏறவில்லை என்று ஒருவர் கூச்சமே இல்லாமல் எழுதியிருந்தார். "நடந்ததை எழுதினால் இப்படித்தான் இருக்கும். இனிமேல் எழுதியதை நடத்துங்கள்" என்று உத்தரவு வந்தது. அன்றோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்கும் வயிறு வலித்ததில்லை.

மூன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சருக்கு இதெல்லாம் தெரியாது. நாலு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. முழங்காலைத் தொடும் நீல மேலங்கியும், அதில் குத்திக்கொள்ள 'ஆசிரியை' என்று எழுதிய பட்டையும் கொடுத்திருந்தார்கள். வீட்டில் அந்த மேலங்கிக்குத் தனியாக ஓர் ஆணி அடித்து மாட்டி வைத்திருந்தாள். அவள் புருஷன் பஸ் கண்டக்டர். தன் காக்கிச் சட்டையைக் கதவு மூலையில் சுருட்டிப் போடுகிறவன், அந்த நீல அங்கியை மட்டும் தினமும் உதறி மாட்டுவான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அவனுக்கு அறிக்கையைப் படித்துக் காட்டினாள். 'மூன்றாம் வகுப்பு, கற்றல் வாரம்' என்று தலைப்பு.

"திங்கள்கிழமை, முப்பது மாணவர்களும் அவரை விதை ஊன்றினர். செவ்வாய், மாணவர்கள் ஆர்வத்துடன் மூன்று கேள்விகள் கேட்டனர். புதன், விதைகள் முளைத்தன. ஒரு மாணவர் அழுதார், ஆறுதல் அளிக்கப்பட்டது..."

"இருடி இரு. இது எந்த வாரத்துக்கு?"

"வர்ற வாரத்துக்குங்க."

"வர்ற புதன்கிழமை ஒரு பிள்ள அழும்னு இப்பவே எழுதிட்டாங்களா? ஜோசியக்காரன் கெட்டான் போ!" என்று அவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடைசி வரிக்கு வந்தவள் நிறுத்தினாள். 'வெள்ளி, இருபத்தொன்பது மாணவர்களும் மகிழ்ச்சியுடன் வாரத்தை நிறைவு செய்தனர். மொத்தம் இருபத்தொன்பது.'

"திங்கள்கிழமை முப்பது, வெள்ளிக்கிழமை இருபத்தொம்போதா?"

"அச்சுல விட்டிருப்பான். போய்ச் சொன்னா மாத்திடுவாங்க" என்றான் புருஷன்.

திங்கள்கிழமை காலை முதல் வேலையாக அவள் எழுத்தரின் அறைக்குப் போனாள். ஒரு மேஜை, ஒரு தட்டச்சு இயந்திரம், கூரை வரைக்கும் நடந்து முடிந்த வாரங்கள். எழுத்தர் அறிக்கையை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கி, கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"ஆமா டீச்சர். விரல் தப்பிடுச்சு. அன்னைக்குக் கொஞ்சம் தலைவலி எனக்கு."

"அப்பாடா! அப்ப மாத்திடுங்க சார்."

எழுத்தர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எதை மாத்தறது? மேலிடத்துக் கையெழுத்து ஆகிடுச்சே. கையெழுத்து ஆனதுல பிழை இருக்காது டீச்சர். நடக்கறதுலதான் பிழை இருக்கும். அதைத்தான் மாத்தணும்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைமை ஆசிரியரிடம் போனாள். அவர் ரொம்ப நல்ல மனுஷன். யாரையும் கடிந்து பேச மாட்டார். யாரும் கேட்காமலே நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். அவளையும் சொன்னார்.

"டீச்சர், இப்ப இதைப் பிழைன்னு நாம சொன்னா என்ன ஆகும்? போன வாரமும் பிழையா இருக்கலாம்னு ஆகும். போன வருஷமும். அப்புறம் இந்தப் பள்ளிக்கூடம்னு ஒண்ணு இருக்கான்னே சந்தேகம் வந்துடும். ஒரு பிள்ளைக்காக ஒரு பள்ளிக்கூடத்தையே சந்தேகப்படலாமா? ஜன்னல் வழியா பாருங்க."

பின்பக்கம் முள்கம்பிக்குள் ஒரு குளம் கிடந்தது. சதுரமாக, கறுப்பாக, அசையாமல்.

"மூணு வருஷம் முந்தி, 'ஆழமான பள்ளிக்குளத்தின் கரையில் மாணவர்கள் இயற்கையைக் கண்டு மகிழ்ந்தனர்'னு அச்சாகிடுச்சு. வேற ஊர்ப் பள்ளிக்கூடத்து அறிக்கை, இடம் மாறி வந்துடுச்சு. நம்மகிட்ட குளம் இல்ல. நாங்க என்ன, அழுதோமா? வெட்டினோம். 'ஆழமான'ன்னு போட்டிருந்தது, ஆழமாவே வெட்டினோம்."

குளத்தில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. அறிக்கையில் தவளை இல்லை.

"அந்த ஒரு பிள்ள யாரு சார்?" என்றாள் அவள்.

"சேச்சே! யாருன்னு நாங்க சொல்ல மாட்டோம். நாங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்ல. வாரம் போகிற போக்குல அது தானா தெரிஞ்சிடும்."

வெளியே வந்தவளை எழுத்தர் வராந்தாவில் நிறுத்தி, நல்லெண்ணத்தோடு மீதியைச் சொன்னார். "இங்க பேரை அடிச்சுட்டா வேற எங்கயும் சேர்க்க முடியாது டீச்சர், மனசுல வச்சுக்குங்க. வேற பள்ளிக்கூடம் போனா இங்க படிச்ச சீட்டு கேப்பாங்க. இங்க படிச்சதா எங்ககிட்ட இருக்காது. அந்தப் பிள்ளைக்கு எட்டு வயசு ஆனதே எங்க ஏட்டுல இருக்காது."

அன்று முப்பது பிள்ளைகளும் முப்பது டப்பாக்களில் அவரை விதைத்தார்கள். டீச்சர் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தாள். எண்ணெய் வைத்த தலை, வைக்காத தலை, பேன் பார்க்காத தலை. எந்தத் தலையைத் தொட்டாலும் கை அங்கேயே நின்றது. ஜன்னலோரத்தில் 'சில்லறை' இருந்தாள். சிரித்தால் சில்லறை கொட்டின மாதிரி இருக்கும், அதனால் பிள்ளைகள் வைத்த பேர். தன் டப்பாவில் ஒரு விதை போட்டுவிட்டு, விதை கிடைக்காமல் நின்ற பக்கத்துப் பையனுக்கு அதையே திரும்பத் தோண்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உனக்கு?"

"மண்ணு இருக்குல்ல டீச்சர்! பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

சாயங்காலம் வாசலில் பென்சில் விற்கும் அம்மாள் அவளைக் கூப்பிட்டாள். தினமும் கேட்டுக்கு வெளியே ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருப்பவள். "மூணாம் வகுப்புல ரெண்டாவது ஜன்னல் கொக்கி இன்னும் சரியா விழறதில்லையா டீச்சர்? கொஞ்சம் தூக்கி அழுத்துங்க, விழும்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

பென்சில்காரம்மா பென்சில்களை நுனி நுனியாகச் சேர்த்து அடுக்கினாள்.

செவ்வாய்க்கிழமைக்கு மூன்று கேள்விகள் என்று எழுதியிருந்தது. ஒன்பது மணிக்கு வகுப்பு தொடங்கியது. ஒன்பது இரண்டுக்கு, "டீச்சர், தண்ணி குடிக்கப் போகட்டுமா?" என்று ஒன்று போனது. ஒன்பது ஐந்துக்கு, "டீச்சர், மணி என்ன?" என்று இன்னொன்று. வாசலில் நின்று குறித்துக்கொண்டிருந்த பியூன் தொண்டையைச் செருமினார். வகுப்பே கப்சிப். ஒன்பது இருபதுக்கு முன்பெஞ்சுப் பிள்ளை ஒன்று பயந்துபோய்க் கையைத் தூக்கிற்று.

"டீச்சர், இன்னும் எத்தனை கேள்வி மீதி இருக்கு?"

"இப்ப ஒண்ணும் இல்ல" என்றார் பியூன், கோடு போட்டுக்கொண்டே.

அதற்கப்புறம் மூன்றரை மணி வரைக்கும் யாரும் எதையும் கேட்கவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் கேட்டுத்தானே போக வேண்டும்? மத்தியானம் இரண்டு பெஞ்சு நனைந்தது. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் எதையும் சட்டென்று கற்றுக்கொள்கிறார்கள் என்று பியூன் தன் குறிப்பில் எழுதினார்.

புதன்கிழமை காலை வந்து பார்த்தால் முப்பது டப்பாவிலும் இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சை. இரண்டு நாளில் எந்த அவரை முளைக்கும்? செவ்வாய் சாயங்காலம் பியூன் ஒரு நாற்றுக்கூடையோடு வகுப்புக்குள் போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"டீச்சர், நான் அவரைதானே போட்டேன்! இதைக் கிள்ளி மோந்து பாத்தா தக்காளி வாசனை வருது" என்று ஒரு பையன் ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் முழங்கையை இடித்து, "அவரைதான்டா. அறிக்கையில இருக்கும்" என்றான்.

பொழுது நகர்ந்தது. முளைப்பது முடிந்தது, அழுவதுதான் பாக்கி. பதினொரு மணிக்குப் பியூன் எட்டிப் பார்த்தார். பன்னிரண்டுக்கு எழுத்தர் வந்தார். இரண்டு மணிக்குத் தலைமை ஆசிரியரே வந்துவிட்டார். கை கட்டி நின்று, கல்யாண வீட்டில் சாப்பாடு பிந்தினால் விசாரிப்பதைப் போல, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இன்னும் யாரும் அழலையா டீச்சர்?"

"இல்ல சார். எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அதுதான் கவலையா இருக்கு. கொஞ்சம் முயற்சி பண்ணுங்க. திட்டச் சொல்லல. நம்ம பள்ளியில பிள்ளைங்களத் திட்டறதில்ல. ஏதாவது மனசு நோகற மாதிரி, அன்பா ஒரு வார்த்தை..."

டீச்சர் முப்பது முகங்களையும் பார்த்தாள். அவர்களும் அவளைப் பார்த்தார்கள். யாரை நோக வைப்பது? அழுகிற பிள்ளைதான் வெள்ளிக்கிழமை மகிழ்ச்சிக் கணக்கில் வராத பிள்ளை என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. 'வாரம் போகிற போக்கு' இதுதான். அவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது.

எழுத்தர் காகிதத்தைச் சரிபார்த்து வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "இதுல 'மாணவர்'னு இருக்கு டீச்சர். நீங்க அழுதா சேராது."

அப்போதுதான் ஜன்னலோரத்தில் சில்லறை எழுந்தாள்.

"அழாதீங்க டீச்சர். நான் அழறேன். எனக்கு நல்லா வரும். வீட்டுல எனக்கும் அண்ணனுக்கும் சண்ட வந்தா யாரு முதல்ல அழறாங்களோ அவங்க பக்கம்தான் அம்மா பேசும்!"

"வேண்டாம்! நீ உட்காரு!" என்று டீச்சர் கத்துவதற்குள் அவள் வாயை அகலத் திறந்துவிட்டாள். எடுத்த எடுப்பிலேயே உச்சம். கண்ணீர், விக்கல், மூக்குச்சளி, எதிலும் குறை வைக்கவில்லை. பியூன் நேரத்தைக் குறித்தார். தலைமை ஆசிரியர் அவள் முதுகில் மூன்று முறை தட்டிக்கொடுத்தார். ஆறுதல் அளிக்கப்பட்டது. எழுத்தர் அவள் பெயரை மட்டும் ஒரு தனிச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டார்.

"எப்படி டீச்சர்?" என்றாள் சில்லறை மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாராட்டுக்குக் காத்து.

வியாழக்கிழமை காலையில் அந்தப் பிள்ளையின் அம்மா வந்தாள். சலவைக் கடையில் துணி தேய்ப்பவள். கையில் நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்த கடிதம். அதைச் சுருக்கமில்லாமல் நீவி நீவிப் பிடித்திருந்தாள். டீச்சரும் அறையில் இருந்தாள்.

"என் மக என்ன சார் தப்பு பண்ணா?"

"ஒரு தப்பும் இல்லம்மா!" தலைமை ஆசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். "நீங்க அப்படி நெனைக்கவே கூடாது. அவங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. நேத்து நம்ம பள்ளிக்கூடத்தோட மானத்தையே காப்பாத்தினாங்க. என்ன, முப்பதாவது ஆளா இருக்காங்க, அவ்வளவுதான். இருபத்தொம்போது பேருக்குள்ள இருந்திருந்தா நாங்களே விட்டிருக்க மாட்டோம்."

"நாளைலேருந்து அவளை நான் எங்க சார் விடறது?"

"அது எங்க அறிக்கையில வராதும்மா. வந்தா கண்டிப்பா சொல்லுவோம்."

அந்தத் தாய் டீச்சர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க டீச்சர். ராத்திரியெல்லாம் உங்களைப் பத்தியேதான் பேசுவா. நீங்க சொன்னா நான் நம்பறேன்." டீச்சர் மேலங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள்.

அம்மா போனதும் அவள் வெடித்தாள். "இது அக்கிரமம் சார்! நான் இதுக்கு உடன்பட மாட்டேன்!"

தலைமை ஆசிரியர் இப்போதும் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியைத்தான் காட்டினார். "உட்காருங்க. உங்களுக்கு இந்த வேலை எப்படிக் கெடைச்சதுன்னு நெனைக்கிறீங்க? நாலு வருஷம் காத்திருந்தீங்க, சரி. திடீர்னு ஒரு நாள் எப்படி? போன மாசம் ஒரு அறிக்கையில 'மூன்றாம் வகுப்பில் புதிய ஆசிரியை பொறுப்பேற்றார்'னு அச்சாச்சு. இருந்தவங்க நல்ல டீச்சர்தான். பதினேழு வருஷம். அவங்க பக்கத்துல நின்னு இது அக்கிரமம்னு அப்ப யாரும் சொல்லல. நீங்களும்தான் வந்து சேர்ந்தீங்க."

ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. கேட்டுக்கு வெளியே பலகையில் பென்சில்காரம்மா உட்கார்ந்திருந்தாள். வர வேண்டாம் என்று எந்தக் காகிதமும் சொல்லாததால் தினமும் வருகிறவள். டீச்சருக்கு ஜன்னல் கொக்கியின் கதை இப்போது புரிந்தது.

அன்றைக்கு எழுதியிருந்த பாடம், 'மாணவர்கள் பகிர்ந்துகொள்ளக் கற்றனர்.' பியூன் வந்து சில்லறையின் பையைத் தூக்கி மேஜையில் கவிழ்த்தார். பென்சில் இரண்டு, பாதி அழிப்பான், நோட்டு ஐந்து, மூடி இல்லாத வண்ணப்பெட்டி, அதோடு, அவள் மண் மட்டும் போட்டு ஜன்னலில் வைத்த டப்பாவில் பியூன் நட்ட தக்காளி. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். பொருள் தீர்ந்ததும் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்து இருபத்தொன்பதைச் சரிக்கட்டினார் பியூன். வாங்கிக்கொண்ட பிள்ளைகள் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

சில்லறையும் வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் முறை வந்தபோது மேஜை காலி.

"எனக்குப் பங்கு இல்லையா டீச்சர்?"

சாயங்காலம் வீட்டில் டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள், நாளைக்கு மேலிடத்திலிருந்து ஒருவர் தலை எண்ண வருவதையும். புருஷன் இந்த முறை சிரிக்கவில்லை. தட்டில் பிசைந்த சோறு அப்படியே காய்ந்தது.

"எண்ண வர்றவன் எப்படிப்பட்டவன்?" என்றான் கடைசியில்.

"மேலதிகாரியாம். நாளைக்கு மூணு மணிக்கு வர்றாராம். அந்த நேரத்துல வகுப்புல இருபத்தொம்போது பிள்ள, ஒரு டீச்சர். இருந்தா சரி. ஒண்ணு கூடியிருந்தா அங்கேயே பேரை அடிச்சிடுவாராம். அன்னைக்கு வராத பிள்ள பேரையும் அடிச்சிடுவாராம்."

"எங்க டெப்போல செக்கர் ஏறுவான் பாரு, அவனும் இப்படித்தான். தலையைத்தான் எண்ணுவான், முகத்தைப் பார்க்க மாட்டான். முகத்தைப் பார்த்தா எண்ணிக்கை மறந்துடும்." தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான், "ஒண்ணு கவனிச்சிருக்கியா? காக்கி போட்டவன் தலை மட்டும் கணக்குல வராது. ஒரு தடவை டிக்கெட் எடுக்காத ஒரு பெரியவருக்கு என் சட்டையைக் கழட்டிக் கொடுத்து முன்னால நிறுத்திட்டேன். செக்கர் அவரைத் தாண்டிப் போயிட்டான்."

"அப்ப உங்களை?"

"என்னை இறக்கி விட்டுட்டான்" என்றான் அவன். "ஆறு கிலோமீட்டர் நடந்து வந்தேன்."

இரண்டு பேரும் ஆணியில் தொங்கிய நீல மேலங்கியைப் பார்த்தார்கள். நாலு வருஷம். அவன் எழுந்து போய் அதை ஒரு தரம் உதறி, சுருக்கம் போக நீவி, திரும்ப மாட்டினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே பியூன் முப்பதாவது இருக்கையைத் தூக்கிக்கொண்டு போய்க் குளக்கரையில் போட்டுவிட்டார். அங்கே ஏற்கெனவே சில இருக்கைகள் கிடந்தன. ஒரு பெரிய நாற்காலியும். சில்லறை கரும்பலகை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டே முக்காலுக்கு டீச்சர் கதவைச் சாத்திவிட்டுத் தன் மேலங்கியைக் கழற்றினாள். அதைப் பிள்ளைக்கு மாட்டி, கையை நாலு மடிப்பு மடித்து, பட்டையைக் குத்தினாள். டீச்சர் நாற்காலியில் இரண்டு அகராதியைப் போட்டு அதன்மேல் உட்கார வைத்து, முன்னால் நோட்டுக்கட்டை அடுக்கினாள்.

"இன்னிக்கு நீதான் டீச்சர். எதுக்கும் சிரிக்கக் கூடாது. என்ன?"

"நீங்க?"

"நான் வெளிய நிக்கறேன்." பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். "இவங்க யாரு?"

"டீச்சர்!" என்றன இருபத்தொன்பது பிள்ளைகளும். அந்த வாரத்தில் அவர்கள் கற்றது வீண்போகவில்லை.

அவள் வெளியே போய் இரண்டாவது ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு மேலதிகாரி வந்தார். கூடவே தலைமை ஆசிரியரும் எழுத்தரும். பேனா முனையால் தலைகளைக் குத்துவதைப் போல அவர் எண்ணினார். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. நாற்காலியைப் பார்த்து, ஆசிரியை ஒன்று. ஒரு நிமிஷம் பேனா நின்றது.

"ஆசிரியை கொஞ்சம் குள்ளமா இருக்காங்களே?"

தலைமை ஆசிரியர் நாற்காலியைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. அது பிள்ளை என்று சொன்னால் முப்பது. முப்பது என்றால் அறிக்கை பொய். அறிக்கை பொய் என்றால் குளம் எதற்கு?

"இளம் ரத்தம் சார்" என்றார்.

மேலதிகாரி நாற்காலியை நோக்கிக் குனிந்தார். "வாரம் எப்படிப் போச்சு டீச்சர்?"

நோட்டுக்கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்டிப்பான குரல் வந்தது. "மூணு கேள்விக்கு மேல கேக்கக் கூடாது. ஒண்ணு முடிஞ்சுது. இன்னும் ரெண்டுதான் இருக்கு."

மேலதிகாரி நிமிர்ந்தார். அவர் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா ஒழுங்கை! சரி டீச்சர், எத்தனை பிள்ளைங்க?"

"இருபத்தொம்போது."

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களா?"

"அறிக்கையில இருக்கு சார். பாத்துக்குங்க."

மேலதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அங்கேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். "முப்பது வருஷமா இப்படி ஒரு ஆசிரியையைத்தான் தேடிட்டிருக்கேன். படிச்சவங்க வர்றாங்க, அன்பானவங்க வர்றாங்க, ஆனா எழுதி இருக்கறதைப் பார்த்துக்குங்கன்னு சொல்ற தைரியம் யாருக்கும் இல்ல. பிள்ளைங்களைப் பார்க்காதீங்க, காகிதத்தைப் பாருங்க! பிள்ளைங்க வளர்ந்து மாறிப்போயிடுவாங்க. காகிதம் மாறாது!" பிள்ளைகள் மகிழ்ச்சியுடன் கைதட்டினார்கள். வாரம் நிறைவு பெற்றது. சுவருக்கு இந்தப் பக்கம் டீச்சர் புறங்கையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் போன பிறகு அவள் உள்ளே ஓடிப் பிள்ளையைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள். "முடிஞ்சுதுடி கண்ணு! இப்ப நீ சிரிக்கலாம்."

சில்லறை சிரிக்கவில்லை. டீச்சரின் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டாள்.

"அறிக்கையில இருக்கா டீச்சர்?"

கேட்டருகே எழுத்தர் காத்திருந்தார். அடுத்த வார அறிக்கை ஈரம் காயாமல் கையில் இருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் நீட்டினார். 'திங்கள், மூன்றாம் வகுப்பில் புதிய ஆசிரியை பொறுப்பேற்றார். முப்பது மாணவர்களும் அவரை வரவேற்றனர்.'

"எண்ணும்போது நாற்காலியில வேற ஆள் இருந்துச்சு டீச்சர். நீங்க வெளிய இருந்தீங்க. வெளிய இருக்கறவங்களுக்கு எங்ககிட்ட கட்டம் இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "முப்பதுன்னு நான்தான் அடிச்சேன். விரல் தப்பாம அடிச்சேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்" என்றார்.

அவள் மேலங்கியை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

திங்கள்கிழமை காலை, வழக்கமான நேரத்துக்கே அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. கால்களும் வழக்கமான வழியிலேயே வந்து கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. பென்சில்காரம்மா நிமிர்ந்து பார்த்து, பலகையில் நகர்ந்து இடம் விட்டாள்.

"இப்படி வாங்க டீச்சர். இந்தப் பக்கம் வெயில் வராது."

இரண்டாவது ஜன்னல் வழியே வருகைப்பதிவு கேட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்கள். முப்பதாவது 'உள்ளேன்' சில்லறையின் குரலில் வந்தது. டீச்சர் பென்சில்காரம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, புதிய ஆசிரியை வெளியே வந்தாள். சின்னப் பெண். நீல மேலங்கி அவளுக்குத் தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. கையில் அறிக்கை. பலகையின் அருகே வந்து தயங்கித் தயங்கி நின்றாள்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் இங்கதான் டீச்சரா இருந்தீங்கன்னு பிள்ளைங்க சொன்னாங்க. இதைக் கொஞ்சம் பாருங்களேன். திங்கள்கிழமை முப்பதுன்னு இருக்கு. வெள்ளிக்கிழமை இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அச்சுல விட்டிருப்பாங்க, இல்லையா?"

பென்சில்காரம்மா பலகையில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.